எச்சில் நூல்

யாதவகிரி, மைசூர்
4.2.2024

சௌ. ஹம்ஸாவுக்கு அத்திம்பேர் நாராயணஸ்வாமியின் ஆசீர்வாதம்.

பெருமாள் கிருபையில் நானும் உன் அக்காவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் ஆத்துக்காரருக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டதா? பால் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தால் அவருடைய ஷட்டகர் நான் கோபித்துக்கொண்டேன் என்று சொல்.

நீ சிரிக்கப் போகிறாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. எனக்குத் தையல் சொல்லிக்கொடு. மெஷின் வேண்டாம், கைத்தையல் போதும். ரயில்வே பட்டறை ஆபீஸில் சர்வீஸ் முழுக்கப் பேனா பிடித்த கை, ஊசியைப் பிடித்தால் நாட்டியம் ஆடுகிறது. நேற்று மடியில் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பொத்தானைத் தைத்தேன். எழுந்தபோதுதான் சட்டையையும் கட்டியிருந்த வேட்டியையும் சேர்த்துத் தைத்திருப்பது தெரிந்தது.

உன் அக்காவுக்கு விரலில் வலி, ஊசி பிடிக்க முடியவில்லை. பொத்தான், ரவிக்கை ஹூக், கிழிசல் இதெல்லாம் எப்படி என்று எழுது. துணி மேல் நூலால் எழுத்துத் தைப்பது எப்படி என்றும் எழுது. போனில் கேட்கலாம்தான். உன் காதுக்கு எட்டும்படி நான் கத்தினால் யாதவகிரியே தையல் கற்றுக்கொண்டுவிடும்.

இந்தப் பக்கம் திருட்டுப் பயம். வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். உன் அக்கா நாகலக்ஷ்மிக்குக் கை எட்டாது. அதனால் பாதகமில்லை.

இப்படிக்கு,
நாராயணஸ்வாமி


ஈரோடு
13.2.2024

அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் ஹம்ஸா தெண்டனிட்டு எழுதுவது.

இங்கே அவர் தடியை ஊன்றி வாசல்வரை நடக்கிறார். பால் சாப்பிடுகிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. அக்காவின் விரலுக்கு வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தடவவும்.

வேட்டியோடு சட்டையைத் தைத்ததை இவரிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இனிமேல் மடியில் வைத்துத் தைக்காதீர்கள், மேஜை மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், சிக்கிக்கொள்ளும். நுனியைச் சாய்வாக வெட்டி, உதட்டில் வைத்து ஈரம் பண்ணி, விரலால் அழுத்திவிட்டு ஊசிக் காதில் நுழையுங்கள். பொத்தானுக்குக் கீழே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவிவிடுங்கள். அந்த இடைவெளியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் பொத்தான் அசையாது. கிழிசலுக்கு முதலில் ஓட்டுத் தையல்: ஊசியை மேலும் கீழுமாகச் சின்னச் சின்னதாக ஓட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். ஒரு பழைய துணியில் தைத்துக் கவரில் போட்டு அனுப்புங்கள், திருத்துகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அக்கா. விரல்தானே வலிக்கிறது, வாய் வலிக்கவில்லையே. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதுமே.

ஹம்ஸா


மைசூர்
27.2.2024

சௌ. ஹம்ஸாவுக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்கப் பிரார்த்தனை.

நீ சொன்னபடி தைத்த துண்டை இதில் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திட்டு. ஊசியும் நூலும் வாங்க உன் அக்காவையும் அழைத்துக்கொண்டு தேவராஜ மொஹல்லா போனேன். ஆட்டோவில் இறங்கினதிலிருந்து திரும்ப ஏறுகிறவரை அவள் கையை விடவில்லை. கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் இப்படிப் போனதில்லை. கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ரவிக்கை ஹூக் கையால் பிய்த்தாலும் வராதபடி தைக்க ஒரு வழி உண்டா? உன் அக்காவுக்குக் கண்ணில் புரை, தடவித் தடவிப் பிய்த்துவிடுகிறாள். அதனால்தான் அவளால் தையலும் முடியவில்லை. எழுத்துத் தைப்பதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அதுதான் எனக்கு அவசரம்.

நாராயணஸ்வாமி


ஈரோடு
8.3.2024

அத்திம்பேருக்கு நமஸ்காரம். இங்கு எல்லோரும் நலம்.

துண்டு வந்தது. கோடு மைசூரில் கிளம்பி நஞ்சன்கூடு வழியாக எங்கேயோ போகிறது. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு அதன் மேல் தையுங்கள். ஆனால் முடிச்சு நன்றாக இருக்கிறது.

ஹூக்கை மூன்று தடவை தைத்துவிட்டு, அதன் கழுத்திலும் ஒரு சுற்றுப் போடுங்கள். எழுத்துக்குச் சங்கிலித் தையல். ஊசியைக் கீழிருந்து மேலே எடுத்து, நூலை வளையமாக விட்டு, அதே இடத்தில் இறக்கி, கொஞ்சம் தள்ளி வளையத்துக்குள்ளே எடுக்க வேண்டும். படம் போட்டிருக்கிறேன். எழுத்து எதற்கு? துணிக்குக் குறி போட இப்போது யார் வீட்டுக்கு வண்ணான் வருகிறான்?

முதல் கடிதத்தில் விரல் வலி என்றீர்கள், இந்தக் கடிதத்தில் கண் புரை என்கிறீர்கள். அத்திம்பேரே, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. நீங்கள் சீட்டாட்டத்தில் தோற்பதே அதனால்தான். அக்காவை எனக்கு ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஹம்ஸா


மைசூர்
20.3.2024

சௌ. ஹம்ஸாவுக்கு ஆசீர்வாதம். ஷட்டகரை விசாரித்ததாகச் சொல்.

சங்கிலித் தையல் பிடிபட்டுவிட்டது. உன் அக்கா பெயரையே தைத்துப் பார்த்தேன், அனுப்பியிருக்கிறேன். கன்னடத்தில் தைத்தேன். படிக்கிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே. போன் நம்பர் தைக்கும்போதுதான் எட்டு தகராறு பண்ணுகிறது.

உன் அக்கா தூங்குகிறாள், அதனால் எழுதச் சொல்லவில்லை. எழுந்ததும் சொல்கிறேன். தபால் பெட்டியைத் திறக்கும் நேரம் ஆகிவிட்டது, இத்துடன் நிறுத்துகிறேன்.

நாராயணஸ்வாமி


ஈரோடு
29.3.2024

அத்திம்பேருக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கவரை உதறியபோது உங்கள் துண்டுக்குப் பின்னால் இன்னொரு துண்டு விழுந்தது. நீங்கள் வைத்ததாக இருக்காது. பழைய தலையணை உறையின் ஓரம், கையால் கிழித்தது. அதில் அக்கா தைத்திருக்கிறாள். அவள் கையெழுத்து மறந்தாலும் தையல் எனக்கு மறக்காது. அரிசியைப் பொறுக்கி வரிசையாக வைத்த மாதிரி ஒரே அளவு. பாதி தூரம் அப்படித்தான் வருகிறது. அதற்கு மேல் ஊசி அதே துளையில் இறங்கி, அதே துளையில் ஏறி, மறுபடியும் அதிலேயே இறங்கி, நூல் கொட்டைப் பாக்கு அளவுக்கு உருண்டுபோய் நிற்கிறது. நூல் தீருகிறவரை ஒரே இடத்தில் குத்தியிருக்கிறாள்.

அவளுக்கு விரலிலும் வலி இல்லை, கண்ணிலும் புரை இல்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருமகள் வைஷாலி என்னம்மா என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். அக்காவின் பெயரையும் போன் நம்பரையும் ஊர்க்காரர்கள் எதற்குப் படிக்க வேண்டும்? உள்ளதை எழுதுங்கள். இவரை விட்டுவிட்டு என்னால் இப்போது கிளம்பி வர முடியாது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஹம்ஸா


மைசூர்
6.5.2024

சௌ. ஹம்ஸாவுக்கு ஆசீர்வாதம்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். பசை எடுக்க நான் எழுந்துபோன சமயத்தில் அவள் அந்தத் துண்டைக் கவரில் வைத்திருக்க வேண்டும். உன் பெயரைச் சொன்னால் இன்னும் முகம் மலர்கிறது. உனக்குப் பாவாடை தைக்க வேண்டும் என்கிறாள்.

தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை. பிறகு ஒருநாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆத்துல மாமி இல்லையா?" என்று என்னையே கேட்டாள். டாக்டர் ஞாபக மறதி வியாதி என்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார். குணமாகும் என்று சொல்லவில்லை. இரண்டு தடவை வீட்டை விட்டுப் போய்விட்டாள். ஒரு தடவை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கிடைத்தாள். இன்னொரு தடவை எதிர்வீட்டு முனிராஜ் ஸ்கூட்டரில் தேடிக் கூட்டிவந்தார். எங்கள் பிள்ளை பரத்வாஜுக்குச் சொல்லவில்லை. டொரன்டோவிலிருந்து அவனால் என்ன செய்ய முடியும்? பணம் கட்டி ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுவான். உன்னிடம் சொன்னால் அவனிடம் போகும் என்றுதான் உன்னிடமும் மறைத்தேன்.

பயமாக இருக்கிறது ஹம்ஸா. குளிக்கப் போனால் கதவைச் சாத்தப் பயம். கண் அசந்தால் பயம். பேரைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கூட்டத்தில் கலந்துவிட்டால் அவள் யார் என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் தையல். அவளுடைய ரவிக்கை, புடவை, உள்பாவாடை எல்லாவற்றிலும் பெயரும் என் நம்பரும் தைத்துவிட்டேன். எட்டும் வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று பாக்கி. அவள் மடிப்புடவை. எது மறந்தாலும் அவளுக்கு மடி மறக்கவில்லை. காலையில் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு, கொடியில் உலர்த்திய ஒன்பது கஜத்தைப் பிறர் கை படாமல் கோலால் எடுத்துத் தானே கட்டிக்கொள்கிறாள். அடுப்படியில் தளிகை ஆகி, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுகிறவரை அவள் பழைய நாகலக்ஷ்மிதான். கிட்டே போனால், "தள்ளி நில்லுங்கோ, மடி!" என்று அதட்டுகிறாள். ரவிக்கையும் போட்டுக்கொள்வதில்லை. அந்தப் புடவையில் எப்படி ஊசி போடுவது? வாயில் வைத்து ஈரம் பண்ணின நூல் எச்சில் இல்லையா? நீ ஒரு வழி சொல்.

நாராயணஸ்வாமி


ஈரோடு
15.5.2024

அத்திம்பேருக்கு ஹம்ஸாவின் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் அழுதோம். பரத்வாஜிடம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். ஒருத்தராகத் தாங்குகிற பாரமா இது?

இவர் தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்த மறுநாள் நான் மைசூர் பஸ் ஏறுவேன். அதுவரை வாசல் கேட்டில் ஒரு சின்ன மணி கட்டுங்கள். ஆள் தாண்டினால் சத்தம் கேட்கும்.

மடிப்புடவையில் கை வைக்காதீர்கள். எச்சில் நூலைப் பெருமாள் தளிகை பண்ணுகிற புடவையில் எப்படிப் போடுவது? அக்காவுக்கு மிச்சம் இருப்பதே அது ஒன்றுதான், அதையும் நாம் கெடுக்க வேண்டாம். வீட்டுக்குள்தானே கட்டிக்கொள்கிறாள். மடியோடு அவள் என்றைக்காவது வாசற்படி தாண்டியிருக்கிறாளா? பிறத்தியார் மேலே பட்டுவிடும் என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டாளே. பயப்படாமல் இருங்கள்.

ஹம்ஸா


ஈரோடு
24.6.2024

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

அக்கா எப்படி இருக்கிறாள்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நான் எழுதிய கடிதம் வந்ததா? வைஷாலியை விட்டுப் போன் பண்ணச் சொன்னேன். மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறதாம். ஒரு தடவை யாரோ எடுத்துக் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்களாம். அவளுக்கு 'ஸ்டேஷன்' என்கிற வார்த்தை மட்டும்தான் புரிந்தது. ரயில்வே ஸ்டேஷனா, போலீஸ் ஸ்டேஷனா?

தபால்காரர் சைக்கிளைத் தெருமுனையில் பார்த்தால் வாசலுக்கு ஓடுகிறேன். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாலும் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டி, "நீ கெளம்பு, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். ஒரு வரி போதும். என்ன ஆனாலும் எழுதுங்கள்.

ஹம்ஸா


மைசூர்
4.7.2024

ஹம்ஸாவுக்கு ஆசீர்வாதம்.

உன் அக்கா வீட்டில் இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு ஏகாதசி. மடிப்புடவை கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள். காஸ் சிலிண்டர் போட வந்த ஆள் போனபிறகு நான் தாழ்ப்பாளைப் போடவில்லை. துளசி பறிக்கக் கொல்லைப் பக்கம் போனேன். நீ சொன்ன மணியைக் கட்டித்தான் இருந்தேன். காற்றில் அது நாள் முழுக்க ஆடி ஆடி, அதன் சத்தம் என் காதுக்குப் பழகிப்போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் அடுப்பு எரிகிறது, ஆளைக் காணோம்.

தேவராஜ மொஹல்லாவில் பூ விற்கிற சென்னம்மாதான் அவளைப் பார்த்தவள். கால் தள்ளாடுகிறதே என்று கையைப் பிடிக்கப் போயிருக்கிறாள். "முட்டபேடி, மடி!" என்று, தொடாதே என்று கன்னடத்தில் சொல்லி, உன் அக்கா துள்ளி நகர்ந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தாலும் வாங்கவில்லை. நாலு பேர் உதவிக்கு வந்தால் நாலு பேரிடமிருந்தும் விலகி விலகி, ஏதோ ஒரு சந்துக்குள் போய்விட்டாள். அந்தக் கூட்டத்தில் யார் மேலும் படாமல் எப்படி நடந்தாளோ.

போலீஸில் எழுதிக்கொடுத்தேன். முனிராஜ் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றினோம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அவர் உள்ளே போவார், நான் வெளியே நிற்பேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வரும். போனை ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனிலேயே மறந்து வைத்துவிட்டேன், உன் மருமகளிடம் பேசியது அந்தக் கான்ஸ்டபிள்தான். ஒரு வாரம் கழித்துப் பெண்கள் விடுதி ஒன்றில் கிடைத்தாள். எங்கேயோ ஒரு கோவில் படியில் மயங்கிக் கிடந்தவளை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். விடுதி அம்மாள் நல்லவர். "இந்தப் புடவையை முந்தானையிலிருந்து கடைசிவரை பிரித்துப் பார்த்தேன், பெயர் ஏதாவது இருக்குமா என்று. இருந்திருந்தால் அன்றைக்கே உங்களுக்குப் போன் பண்ணியிருப்பேன்" என்றார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எழுதியது சரி என்று நானும்தான் நினைத்தேன்.

அவளைக் கூட்டிவந்து என் எதிரில் நிறுத்தினார்கள். நைட்டி போட்டுவிட்டிருந்தார்கள். மடிப்புடவையை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்திருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தப் புடவையைப் பார்த்ததும் பழக்கதோஷம், கால் தானாக நின்றுவிட்டது. "இவர் யார், தெரிகிறதா?" என்று விடுதி அம்மாள் கேட்டார். "யாருன்னு தெரியலை. ஆனா மடி தெரிஞ்ச மனுஷர், தள்ளி நிக்கறார்" என்றாள். கல்யாண போட்டோவையும் ஆதார் அட்டையையும் காட்டிக் கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தேன்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். அவள் முந்தின நாள் அலசிக் கொடியில் போட்டிருந்த அந்தப் புடவையைக் கோல் இல்லாமல் கையாலேயே எடுத்தேன். மேஜை மேல் போட்டு, பென்சிலால் எழுதிக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன். நூலைத் தண்ணீரில் நனைத்திருக்கலாம். அது பிறகுதான் தோன்றியது. பழகின பழக்கம், நூல் வாய்க்குத்தான் போயிற்று. பெயர் முடிந்து நம்பருக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது ஈரத் தலையோடு வந்து நின்றாள். புடவையைப் பார்த்தாள். என் உதட்டில் இருந்த நூலைப் பார்த்தாள்.

"ஏன்னா, எச்சப் பண்ணிட்டேளே" என்றாள்.

அவள் என்னை "ஏன்னா" என்று கூப்பிட்டுப் பல மாதம் ஆகிறது ஹம்ஸா. மாமா என்பாள், யாரோ என்பாள், சில நாள் அப்பா என்பாள். அன்றைக்கு என்னை யார் என்று தெரிந்துதான் கேட்டாள். நான் வாயைத் திறக்கிறதுக்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமில்லாத அழுகை. அழுது முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தபோது மறுபடியும் யாரோதான்.

அதற்குப் பிறகு அவள் அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. பெருமாள் இருக்கும் அறைக்கும் போகவில்லை. கொல்லைப் பக்கம் துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தளிகை நான்தான் பண்ணுகிறேன். தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுகிறாள். குளிக்கச் சொன்னால் குளிக்கிறாள். எந்தப் புடவையைக் கொடுத்தாலும் கட்டிக்கொள்கிறாள். கிட்டே போய் உட்கார்ந்தாலும் தள்ளி நில் என்று அதட்டுவதில்லை. நான் தாழ்ப்பாள் போடுவதையே விட்டுவிட்டேன். வாசல் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தொலைந்துபோவாள் என்று எனக்கு இனிப் பயம் இல்லை. ஆனால் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அதைவிடப் பயமாக இருக்கிறது.

பரத்வாஜுக்குச் சொல்லிவிட்டேன். வருகிறான். நீயும் சீக்கிரம் வா.

வருவதற்குள் ஒன்று மட்டும் எழுது. பருத்தித் துணியில் தையலைப் பிரித்தால் துளை மூடிக்கொள்ளுமா? இரண்டு தண்ணீரில் அலசி, ஒன்றுமே நடக்காத மாதிரி கொடியில் போட்டால் அவள் எடுத்துக் கட்டிக்கொள்வாள், எழுந்து உள்ளே வருவாள் என்று தோன்றுகிறது. வந்தால் வெளியேயும் போவாள். புடவையையும் கத்தரியையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

நாராயணஸ்வாமி